எட்டில் ஐந்து தூணைத் தாண்டியது

அந்த விடைத்தாளின் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. அழித்தால் கோபம் ஆறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

படத்தில் மூன்றே வரிகள். "5/8 தூணைத் தாண்டியது. 4/9 தூணைத் தாண்டவில்லை. ஆகவே 5/8 பெரியது." பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்திருந்தது. கீழே, "இது கணக்குப் பரீட்சையா, நீளம் தாண்டுற போட்டியா?" என்று ஒரு வரி. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் நாலு. பதிலுக்குப் பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். எழுதியது என் வகுப்புப் பிள்ளை. முட்டை போட்டு, படம் எடுத்து, குழுவில் போட்டது அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கு எனக்கு நாலு வருடம் முன்னால் வந்தவள். ஆறு 'அ'வுக்கு நான் கணக்கு, ஆறு 'ஆ'வுக்கு அவள் கணக்கு. ஒரே நீளக் கூடத்தை நடுவில் தட்டி வைத்துப் பிரித்து இரண்டு வகுப்பாக்கியிருக்கிறார்கள். நான் இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். காலையில் ஜங்ஷனில் அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொள்வேன். மத்தியானம் என் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். நான் தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்த நாளில் எனக்கு மிஞ்சுவது தட்டின் ஓரத்தில் ஒட்டியது மட்டும்தான். எட்டு வருடம் இப்படி ஓடியது. எனக்கு வந்த ஒரு சம்பந்தம் முறிந்துபோன சேதி என் அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

என் வகுப்பறையின் நட்ட நடுவில் ஒரு தூண் நிற்கிறது. மிஷன் காலத்துக் கட்டடம், கூரைக்கு அந்தத் தூண் தேவை. பாடம் நடத்துகிறவளுக்குத்தான் தொந்தரவு. அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம் முழுக்க நான் அவளைக் கவனிக்கவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலப்பாளையத்துப் பிள்ளை. அம்மா பீடி சுற்றுகிறவர். கணக்கு என்றால் அவளுக்குப் பயம். கரும்பலகை தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பின்னத்தில் பிள்ளைகள் சறுக்குகிற இடம் எல்லா வருடமும் ஒன்றுதான். எண் பெரிசாக இருந்தால் பின்னமும் பெரிசு என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டில் ஐந்து பெரிசா, ஒன்பதில் நாலு பெரிசா என்று கேட்டால், "ஒம்பது இருக்குல்லா டீச்சர், அதான் பெரிசு" என்பார்கள். புத்தகம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கீழே இருக்கிற இரண்டு எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடி, இரண்டு பின்னத்தையும் அதற்கு மாற்று, அப்புறம் மேலே இருப்பதை ஒப்பிடு. எழுபத்திரண்டில் நாற்பத்தைந்து, எழுபத்திரண்டில் முப்பத்திரண்டு. விடை வந்துவிடும். எட்டில் ஐந்து என்பது எவ்வளவு என்று மட்டும் பிள்ளைக்குக் கடைசி வரை தெரியாது. இந்தக் கணக்கை வருடா வருடம் நடத்தி எனக்கு எரிச்சல் முற்றியிருந்தது.

ஒரு நாள் கொடிக்கயிறு ஒன்றை வாசல் கதவிலிருந்து எதிர்ச்சுவர் ஜன்னல் வரை இழுத்துக் கட்டினேன். கதவு பூஜ்யம். ஜன்னல் ஒன்று. "அப்பம் தூணு எவ்வளவு?" என்று கேட்டேன். "அரை!" என்று கூட்டமாகக் கத்தினார்கள். அரை தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது? அரை டிக்கெட், அரைக் கிலோ, அரைப்பரீட்சை லீவு. ஆளுக்கொரு அட்டையில் ஒரு பின்னம் எழுதிக் கொடுத்துக் கயிற்றில் போய் நிற்கச் சொன்னேன். இடம் அச்சாக இருக்க வேண்டாம், தூணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றேன்.

தூணுக்குப் பின்னால் இருந்தவளுக்கு எட்டில் ஐந்து வந்தது. அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எட்டுல பாதி எவ்வளவுட்டி?" என்றேன்.

"நாலு."

"உங்கிட்ட எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

கேட்டது அவ்வளவுதான். தூணை ஒரு கையால் தொட்டாள். ஜன்னல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். "தாண்டிட்டு டீச்சர்" என்றாள். அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தமிழும் எனக்குக் கை கொடுத்தது. டியூஷனில் பிள்ளைகள் "ஃபைவ் பை எய்ட்" என்று மேலிருந்து கீழே படித்துப் பழகியிருக்கிறார்கள். புத்தகத் தமிழோ மொத்தத்தை முதலில் சொல்லும், எட்டில் ஐந்து என்று. அதைக் கேட்டதும் சில பிள்ளைகள் எட்டைத் தூக்கி மேலே எழுதிவிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போயிருந்த எனக்கு, தூண் வந்த பிறகு அதுவே வசதியாகிவிட்டது. "எட்டில்" என்று சொல்லி நான் நிறுத்தும்போதே பாதியை மனசுக்குள் எடுத்துவிடுவார்கள். "ஐந்து" என்றதும் "தாண்டிட்டு!" என்று வரும். "ஒன்பதில்" என்றால் கொஞ்சம் முழிப்பார்கள், நாலரை என்று முணுமுணுப்பார்கள். "நாலு" என்று நான் முடிப்பதற்குள் "தாண்டல!" என்று கூரை அதிரும்.

இரண்டு பின்னமும் தூணைத் தாண்டியிருந்தால் என்ன செய்வது? எட்டில் ஏழுக்கும் ஆறில் ஐந்துக்கும் அப்படி ஒரு தகராறு வந்தது. அப்போது தூணை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டும், யார் ஜன்னலுக்குக் கிட்டே என்று. இதை நான் விளக்க வாயைத் திறக்கும் முன்னால் மேலப்பாளையத்துப் பிள்ளை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்கும் ஒரு துண்டுதான் குறை, எனக்கும் ஒரு துண்டுதான் குறை. ஒரு சம்சாவ எட்டுப் பேரு பிய்ச்சா துண்டு சின்னதுல்லா? எனக்குக் குறையுறது சின்னத் துண்டு. அதான் நான் ஜன்னல ஒட்டி நிக்கேன்." இருபது வருடம் பாடம் எடுத்தவள்கூட அதை விட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

தட்டிக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் அக்கா, "ஏட்டி, எம் பிள்ளையளும் ஒரு தடவை அங்கன வந்து நிக்கட்டும். எம் பக்கம் தூணு இல்லைல்லா" என்றாள். ஒரு வாரம் அறையை மாற்றிக்கொண்டோம். கயிற்றை நானே கட்டிக் கொடுத்தேன், அட்டைகளையும் கொடுத்தேன். அவளுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், ஆற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது பின்னாலிருந்து, "தண்ணி பாரு, அரைக்கு மேல போகுது! தூணத் தாண்டிட்டு!" என்று கத்தினாள். என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அரைப்பரீட்சைக்கு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. 'அ' பிரிவுத் தாளை 'ஆ' பிரிவு ஆசிரியர் திருத்த வேண்டும், 'ஆ' பிரிவுத் தாளை 'அ' பிரிவு ஆசிரியர் திருத்த வேண்டும். அவரவர் பிள்ளைக்கு அவரவர் அள்ளிப் போட்டுவிடக் கூடாதாம். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. வேறு யாராவது திருத்தினால்தானே பயப்பட வேண்டும், திருத்தப்போவது அக்கா.

என் பக்கம் ஒரு தப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். தூண் என்பது எங்கள் அறைக்குள் மட்டும் செல்லுகிற சொல், தாளில் எழுதும்போது 'அரையை விடப் பெரியது' என்று எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு அரை என்றால் தூண், எனக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. பாதி வகுப்பு அப்படியே எழுதி வைத்துவிட்டது.

அவள் என் வகுப்பின் தாள்கட்டைத் திருத்திய அதே நாளில் நான் அவள் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டில் ஐந்தா, ஒன்பதில் நாலா என்ற கேள்விக்கு 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் எல்லோரும் பொது மடங்கு கண்டுபிடித்து அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். சந்தோஷமாகவே மதிப்பெண் போட்டேன். ஏழெட்டுத் தாள் போன பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில், ஓரக்கோட்டுக்கு வெளியே, பென்சிலால் ஒரு குட்டிக் கோடு நெட்டுக்குத்தாக. அதற்கு இடப்பக்கம் ஒரு புள்ளி, வலப்பக்கம் ஒரு புள்ளி. சில தாள்களில் ரப்பர் போட்டு அழித்த தடம். எல்லாத் தாளையும் திரும்பப் புரட்டினேன். அந்தக் கோடு தூண். பிள்ளைகள் விடையைத் தூணில் பார்த்துத் தெரிந்துகொண்டு, அப்புறம் திருத்துகிறவருக்காகப் பொது மடங்கை எழுதியிருக்கிறார்கள். அக்கா கெட்டிக்காரி என்று நான் ரசித்தேன். ஆமாம், ரசித்தேன். மறுநாள் காலையில் படம் வந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூளையில் ஏறியது. தன் பிள்ளைகளிடம் அவள் சொல்லியிருக்கிறாள், தூணை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எழுதாதீர்கள் என்று. ஆக, என் பிள்ளைகள் எழுதினால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் காலையும் மாலையும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது எனக்குக் கோபமாக வரும். எங்கள் ஊரில் அல்வா கொடுத்தால் தின்னலாம். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வெளியூர் அல்வா.

படம் எங்கள் குழுவோடு நிற்கவில்லை. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டார்களாம், உங்கள் பள்ளியில் தூண் கணக்கு நடக்கிறதாமே என்று. எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவு, தூண், ஜன்னல் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் அக்கா பக்கம் திரும்பி, "உங்களுக்கு இது தெரியுமா?" என்றார்.

"எனக்கு என்னன்னே புரியல மேடம். விடைக்குறிப்பப் பாத்துத்தான் திருத்தினேன்."

சொல்லும்போது அவள் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆ' பிரிவுக் கட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்து ஓரங்களைக் காட்டியிருக்கலாம். காட்டினால் அந்தப் பிள்ளைகளுக்கும் வம்பு வரும் என்றுதான் சும்மா இருந்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை.

தலைமையாசிரியை முடிவு சொல்லிவிட்டார். ஜனவரியில் என் வகுப்புக்கு அந்தப் பாடத்தில் மறுதேர்வு. "விடைக்குறிப்புல இருக்க முறையிலதான் எழுதணும். நீங்களே திருத்துங்க, கட்ட நான் பாப்பேன். அதுலயும் தூணு வந்துதுன்னா, ஆறு 'அ' கணக்கையும் இவங்ககிட்டயே குடுத்திருவேன்."

வண்டி நிறுத்துகிற வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்தேன். "ஏன்க்கா?" என்றேன்.

"பைய பேசுட்டி. நீ சொல்லிக்குடுத்தது தப்புன்னு நான் சொன்னேனா?"

"தூணே தெரியாதுன்னு சொன்னியேக்கா."

"தெரியும்னா என் வகுப்பையும்லா கிண்டுவாங்க."

"உன் பிள்ளையள எழுதாதன்னு சொல்லத் தெரிஞ்சுதுல்லா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா?"

என்னை நேராகப் பார்த்தே சொன்னாள். "எம் பிள்ளையளே 'அந்த டீச்சர் கயிறு, அந்த டீச்சர் தூணு'ன்னு அலையுதுவ. நான் நடத்தினதும் உன் பாடமாத்தான் ஆயிட்டு. இவ ஒரு தடவை சறுக்கட்டுமேன்னு நினைச்சேன். அவ்வளவுதான். இம்புட்டுத் தூரம் போகும்னு நினைக்கல."

அவ்வளவுதான் என்றாள். எட்டு வருடத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அன்றைக்கு அவளை ஏற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவளை நான் 'டீச்சர்' என்று கூப்பிடுகிறேன். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்று பேசுகிறேன். ஒருமையில் பேசிய வாய்க்கு அது கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த மரியாதை அவளுக்கு வலிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். வலிக்கிறதா என்று தெரியவில்லை.

வகுப்பை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. அந்தப் பிள்ளைகளை அவள் கையில் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு எரிந்தது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கு என்று தலைப்புப் போட்டேன். "இனிமே தூணு கிடையாது. தாள்ல எழுதவே கூடாது" என்றேன். ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டைத் தலைமையாசிரியை பார்ப்பார். இந்த விஷயத்தில் அவளாவது தன் பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் கோட்டை விட்டுவைத்தாள்.

மேலப்பாளையத்துப் பிள்ளை எழுந்து நின்றாள். அந்தப் படத்திலிருந்த தாள் அவளுடையது. "அப்பம் நான் எழுதினது தப்பா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்தான். "தப்புன்னு இல்ல. மார்க் கிடைக்காது" என்றேன்.

"சரியா எழுதினா மார்க் கிடைக்கும்னு நீங்கதான சொன்னிய?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் பொது மடங்கு நடத்தினேன். பிள்ளைகள் நோட்டில் நாலு நாலு வரியாக எழுதிப் பழகினார்கள். என் வகுப்பில் அதுவரை இல்லாத அமைதி வந்தது.

மறுதேர்வில் கேட்டது, ஏழில் மூன்று பெரியதா, ஒன்பதில் ஐந்து பெரியதா என்று. இரண்டு மதிப்பெண். வழிமுறைக்கு ஒன்று, விடைக்கு ஒன்று; அரைப்பரீட்சை மாதிரியே, குறிப்பிலுள்ள வழிமுறை இல்லாவிட்டால் விடைக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு தாளில்கூடத் தூண் இல்லை. ஓரங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

அந்தப் பிள்ளையின் தாள் வந்தது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் பொது மடங்கு அறுபத்து மூன்று, சரி. மூன்றை ஒன்பதால் பெருக்கி இருபத்தேழு, சரி. ஐந்தை ஏழால் பெருக்கி இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள். முப்பத்தைந்து வர வேண்டும். அதற்கு மேல் அவள் செய்ததில் பிசகே இல்லை. இருபத்தேழு பெரியது, ஆகவே ஏழில் மூன்றுதான் பெரியது என்று அடிக்கோடு போட்டு முடித்திருந்தாள். ஏழில் மூன்று பாதிக்குக்கூட வராது, ஒன்பதில் ஐந்து பாதியைத் தாண்டியது. ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால், நான் கேள்வியை முடிக்கும் முன் பதில் சொல்லியிருப்பாள்.

விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். விடை தப்பு, வழிமுறை சரி. சரியான விடைக்கு முட்டை வாங்கியவளுக்குத் தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. பேனாவை எடுத்து ஒன்று என்று போட்டேன்.

தலைமையாசிரியைக்கு ரொம்பத் திருப்தி. கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் என்றார். தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவள் தன்னுடையதை வாங்கிப் பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்தது, என் மேஜைக்கே ஓடி வந்தாள்.

"ஒண்ணு வந்துட்டு டீச்சர்!"

"ஏழுல மூணா, ஒம்பதுல அஞ்சா, எதுட்டி பெரிசு?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து, கையிலிருந்த தாளை விரலால் தேடிப் படித்தாள். "ஏழுல மூணு, டீச்சர்."

"சரி, போய் உக்காரு" என்றேன்.